தலைக்கணக்கு நர்சம்மா

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அதிலும் வீட்டில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற ஆள் இல்லையென்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லுவேன், பின்னால் நடந்தது முன்னால் வந்து நிற்கும். நாலு பேர் எதிரில் வாய் திறந்து பழக்கமில்லாதவளுக்கு எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் சொல்லப் போகிற அம்மா ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரிக்குள் இருந்து ஊசி போடுகிறவர் இல்லை, தெருத் தெருவாக வருகிறவர். ஆரணியில் எங்கள் பக்கத்துத் தெருக்களும், சேவூர் போகிற வழியில் இருக்கிற வீடுகளும் அவர் பொறுப்பு. வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பிரஷர் என்று வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடாக எழுதிக்கொண்டு போவார். தெருவில் அவருக்குத் தலைக்கணக்கு நர்சம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். "தலைய எண்ண வந்துட்டேங்க, வூட்ல எத்தினி தலையிருந்தாலும் காட்டிடுங்க" என்று அவரே சொல்லிக்கொண்டுதான் வாசலுக்கு வருவார்.

வந்தவாசிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம் அவருக்கு. கிறிஸ்தவக் குடும்பம். கழுத்தில் மெல்லிய செயினில் சின்னச் சிலுவை இருக்கும். பழைய ஸ்கூட்டி ஒன்றில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கூடை மாதிரி கையில் மாட்டிக்கொள்வார். நீளமான ஒரு நோட்டு, மழையில் நனையாமல் இருக்க அரிசிப் பையில் சுற்றி வைத்திருப்பார். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். பேனாவில் எழுத மாட்டார். ஏன் என்று என் மகள் ஒரு தடவை கேட்டாள். மனுஷங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, பேனாவுல எழுதினா அவங்க மாறினதுக்கு அடிச்சுத் திருத்தணும், நோட்டு அசிங்கமாயிடும் என்றார். ஆனால் செத்துப் போனவர் பேரை மட்டும் அந்த வீட்டார் எதிரில் அழிக்க மாட்டார். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டில் வைத்து அழிப்பாராம்.

அவர் எண்ணுவது எல்லோரும் எண்ணுகிற மாதிரி இல்லை. முன்பும் ஆட்கள் வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாசலில் நின்று, "எத்தினி பேரு" என்பார்கள். நாம் சொன்னதை எழுதுவார்கள். போய்விடுவார்கள். இந்த அம்மா ஒருத்தரையும் விட மாட்டார். அரிசி மில்லில் மூட்டை தூக்க வடக்கேயிருந்து வந்திருந்த பையன்களை, மில் ஓரமாக இருக்கிற கொட்டகையில் போய், பாஷை தெரியாமல் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டு எழுதினார். முந்தாநாள் பிறந்து இன்னும் பேர் வைக்காத குழந்தையை "பேர் வெக்காத பொண்ணு" என்று எழுதினார். புத்தி சரியில்லாத ஒரு பெண்ணைப் பின்கட்டில் வைத்திருந்தார்கள் ஒரு வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே அப்படி ஒருத்தி இருப்பது தெரியாது. இவர் எழுதிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செருப்புக் கடை வாசலில் ஒருவர் எந்நேரமும் போதையில் கிடப்பார். ஈ மொய்க்கும். யாரும் அந்தப் பக்கம் முகம் திருப்ப மாட்டோம். நர்சம்மா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் கண் திறக்கிற வரைக்கும் காத்திருந்து, பேர், வயசு, ஊர் எல்லாம் கேட்டு எழுதினாராம். வீட்டு நம்பர் எழுதுகிற இடத்தில் "செருப்புக் கடை வாசல்" என்று போட்டாராம். கறிகாய் வாங்கப் போன எங்கள் எதிர் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, "செத்தா கேக்க நாதியில்லாத ஆளு இவன். இவன எழுதி இன்னா ஆவப் போவுது நர்சம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

அதற்கு அவர், "ஊர்ல எத்தினி பேருன்னுதான் எழுதினு வரச் சொன்னாங்கம்மா. எத்தினி நல்லவங்கன்னு கேக்கல" என்றாராம்.

எதிர் வீட்டம்மா இதை எங்களிடம் கேலியாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினேன். ஏனென்றால் அந்த வாரம் எங்கள் தெருவின் முறை. எங்கள் வீட்டிலும் எழுதக் கூடாத ஒரு ஆள் இருந்தான்.

அவன் என் மூத்த மகன். அப்போது அவனுக்கு முப்பத்திநாலு, முப்பத்தைந்து இருக்கும். பதினைந்து வருஷமாகக் குடி. முதலில் சாயங்காலம், அப்புறம் மத்தியானம், கடைசியில் விடிந்ததும். நல்ல தறிக்காரன். அவன் நெய்த கரைப் புடவையை முதலாளி தனியாக எடுத்து வைப்பார். ஆனால் காலையில் கை நடுங்கும். பட்டு இழை அறுந்தால் நடுங்குகிற கையால் அதை முடி போட முடியாது. ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் கை நிற்கும். அந்த டம்ளரைப் பிடிக்கவும் அவன் கை ஒத்துழைக்காது, சிந்திவிடும். அதனால் நான் பிடித்துக்கொள்வேன். சின்ன வயசில் பால் புகட்டின மாதிரி தலையைத் தாங்கி, டம்ளரை வாயில் வைத்துப் புகட்டுவேன். இதை எழுதும்போது எனக்கு முகம் கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் இப்படி என்று தெரிந்தால் வருகிறவர்கள் வாசலோடு போய்விடுவார்கள். அதனால் வெளியில் யார் கேட்டாலும் அவன் சென்னையில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தெருவுக்கே உண்மை தெரியும். இருந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நர்சம்மா வந்து எத்தனை பேர் என்று கேட்டதும் நான், "மூணு பேருங்க" என்றேன். என் வீட்டுக்காரர், நான், மகள். எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுக் கொடிக்கயிற்றைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி தவிர வேறு கட்ட மாட்டார். கொடியில் நீலக் கட்டம் போட்ட கைலி இரண்டு காய்ந்துகொண்டிருந்தன.  இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. மூன்று பேருக்குக் கீழே நாலு என்று நம்பர் போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டார்.

"ஒரு வரி காலியா விட்டு வெக்கிறேம்மா. எப்ப வேணா எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் காலி வரி எனக்கு இரண்டு நாள் சோறு இறங்க விடவில்லை. அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

புதன்கிழமை மறுபடியும் வந்தார். வீட்டுக்காரர் முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். நர்சம்மா தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.  நானாகத்தான் சொன்னேன். உள்ளே தறிக்குப் பக்கத்தில் அவன் தூங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்குமேல் எப்படி மறைப்பது?

நான் அழுவேன், அவர் அறிவுரை சொல்வார் என்று நினைத்தேன். அவர் பென்சிலை எடுத்துச் சர்க்கரை நோயாளியைக் கேட்கிற மாதிரி வரிசையாகக் கேட்டார். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எவ்வளவு, முதல் தடவை எத்தனை மணிக்கு, காலையில் கை நடுங்குமா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா. நான் டம்ளர் பிடிக்கிற விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதையும் எழுதிக்கொண்டு, "நீங்க காலைல எதுனா சாப்டீங்களாம்மா?" என்று கேட்டார். எத்தனையோ வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணு மட்டும் கவனமா கேளுங்கம்மா. இது திமிரு இல்ல, நோவு. கோவத்துல யாரும் ஒரேடியா நிறுத்திடாதீங்க. இத்தினி வருஷம் ஊறின ஒடம்பு, திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரில படுக்க வெச்சி, மாத்திர குடுத்துதான் நிறுத்தணும். திங்கக்கிழம நானே வந்து கூட்டினு போறேன். அதுவரைக்கும் வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வையுங்க."

சரி என்று தலையாட்டினேன். நாலாவது வரியில் என் மகன் பேரை எழுதினார். பேருக்குப் பக்கத்தில் குடிகாரன் என்று எழுதவில்லை, எட்டிப் பார்த்தேன். "உடம்பு சரியில்லை" என்று எழுதியிருந்தார்.

நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வெளி ஆளிடம் வீட்டு விஷயத்தைப் பேசினாயா என்று கேட்பார் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, பத்து வருஷமாக "நிறுத்துடா, நிறுத்துடா" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போன மனுஷனிடம், நிறுத்தினால் ஆபத்து என்று எப்படிப் போய்ச் சொல்வேன்? எனக்கே அது பாதி நம்பிக்கையில்லாமல் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் மகனை எழுப்பிக் குளிப்பாட்டி, பஸ் ஏற்றிப் படவேட்டு அம்மன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் அம்மன் எதிரில் சத்தியம் பண்ணிக் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். அப்படி நிறையப் பேர் கட்டியிருக்கிறார்கள், சிலர் விட்டும் இருக்கிறார்கள். இவர்கள் கிளம்பும்போது நான் கதவருகில்தான் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். சாயங்காலம் கயிற்றோடு திரும்பினான். "இனிமே தொட மாட்டேம்மா" என்று என் காலைத் தொட்டான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நர்சம்மா சொன்னது எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறது, சாமி விஷயம் வேறே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுக்க வியர்த்தது, வாந்தி எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை கண் மூடவில்லை. சுவரில் எறும்பு போகிறது, துடைப்பத்தை எடு என்றான். சுவரில் ஒன்றும் இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. பழசெல்லாம் இறங்குகிறது, விடு என்றார் என் வீட்டுக்காரர்.

திங்கட்கிழமை காலையில் நான் எழுந்து வரும்போது அவன் தறியில் உட்கார்ந்திருந்தான். முந்தின வாரம்தான் நெய்து முடித்த புடவையை அறுத்துக் கொடுத்திருந்தோம். தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூலை முதலாளி இன்னும் புதிதாகத் தரவில்லை. பழைய பாவின் நுனிகள் மட்டும் தறியில் தொங்கிக்கொண்டிருந்தன. புதுப் பாவு வந்தால் அந்த நுனி ஒவ்வொன்றோடும் புது இழையை வைத்து முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிணைக்கிறது என்போம். ஆயிரக்கணக்கான இழை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள்.

"யம்மா, சாம்பல் குடு" என்றான்.

கொண்டுவந்து கொடுத்தேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதில் தோய்த்துப் பிணைக்க ஆரம்பித்தான். என்ன வேகம். எடுக்கிறான், சேர்க்கிறான், முறுக்குகிறான், அடுத்தது. பழைய நுனிகளைச் சரி பண்ணி வைக்கிறான் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை, தூரத்திலிருந்து கையாட்டம் மட்டும்தான் தெரியும். சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர் வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "அம்மன் அவன் கைல எறங்கிட்டா, யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப் போய்க் கற்பூரத் தட்டோடு வந்தாள். நான் கும்பிட்டேன்.

அந்த நேரத்துக்கு ஸ்கூட்டி வந்து நின்றது.

"வாங்க நர்சம்மா, வந்து பாருங்க. தாயி கண்ண தொறந்துட்டா. மூணு நாளா ஒரு சொட்டு தொடல. பையன் தொழிலுக்குத் திரும்பிட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவு பெருமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

நர்சம்மா செருப்பை விட்டு உள்ளே வந்தார். தறிக்குப் பக்கத்தில் போய் நின்று அவன் கையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் கிட்டே போனேன். பாவின் நுனிகள் கீழே கிடந்தன. அவன் விரல்கள் அதற்கு இரண்டு சாண் மேலே, மார்புக்கு நேராக, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றை எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தன.

நர்சம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கும் சரி, அதற்குப் பின்னாலும் சரி, அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

"தம்பி, இன்னா பண்ணிகினு இக்கறீங்க?" என்று அவனைக் கேட்டார்.

"பிணைக்கிறன் சிஸ்டர். அறுந்துகினே போவுது. ஓரமா நில்லுங்க, இழய மிதிக்கிறீங்க."

அவர் உண்மையாகவே காலைத் தூக்கி, பார்த்துப் பார்த்து ஓரமாக வைத்தார். எனக்கு அதை இப்போது நினைத்தாலும் மேல் சிலிர்க்கிறது. வீடு முழுக்கப் பதறுகிற நேரம், அவர் அந்த இல்லாத இழையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். நாடி பிடித்துப் பார்த்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். தீபாவளி என்றான். உடனே போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். மூன்று நாள் முன்னாடி குடியை நிறுத்தினவர், ஜுரம் இருக்கு, நினைவு தடுமாறுது என்று நிதானமாகச் சொன்னார்.

ஒரு கட்டிங் சரக்கு வாங்கி வந்து ஊற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டார் என் வீட்டுக்காரர். இப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்றார் நர்சம்மா. எதிர் வீட்டம்மா தட்டோடு குறுக்கே நின்றாள்.

"சாமி எறங்கி கீற நேரத்துல ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போவாங்களா? அம்மன் கோச்சிக்கும். உங்களுக்கு அது தெரியாது."

நர்சம்மாவின் சிலுவையைப் பார்த்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அவருக்கும் அது புரிந்தது.

"அம்மனும் கூட வரட்டுங்க, வண்டில எடம் கீது" என்றார் நர்சம்மா. "கயித்த யாரும் அவுக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. ஜல்தி வழி வுடுங்க."

அப்படியே செய்தார். ஆஸ்பத்திரியில் ஊசி குத்த வந்தவர்களிடம், அந்தக் கயிறு இருக்கிற கை வேண்டாம், அடுத்த கையில் குத்துங்கள் என்று அவரே சொன்னார். இன்னும் ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். நாலு நாள் கட்டிலோடு துணியால் கட்டிப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த நாலு நாளும் விரல் மட்டும் பிணைத்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் விரல் நின்றது. "யம்மா, பசிக்கிது" என்றான். நான் தூக்கை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்கப் போனேன்.

இதற்கப்புறம் அவர் எங்கள் மகளிர் குழுவில் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் குழுவுக்கு வந்தார். நடுவில் வாய் குறுகின ஒரு பானை, பக்கத்தில் ஒரு முறம் நிறையப் புளியங்கொட்டை. பானைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிற ஆள் எத்தனை பேரோ அத்தனை கொட்டை உள்ளே போடுங்கள், இல்லையென்றால் வெறும் கையை விட்டு எடுங்கள், யார் எத்தனை போட்டார்கள் என்று எனக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்றார். ஒவ்வொருத்தியாக எழுந்து போய் முறத்தில் கையை வைத்துத் துண்டுக்கடியில் நுழைத்து எடுத்தோம். சிரிப்பும் கிண்டலுமாகத்தான் இருந்தது. "எங்க வூட்ல ஒண்ணியும் இல்ல, நான் சும்மா கைய வுட்டேன்" என்று ஒருத்தி மூன்று தடவை சொன்னாள். "ரொம்ப நல்லதுங்க, எல்லாரும் கைய வுட்டாத்தான் யாருன்னு தெரியாது" என்றார் நர்சம்மா.

கடைசியில் துண்டை எடுத்துப் பானையைக் கவிழ்த்தார். கொட்டை விழுந்த சத்தம் நிற்கவே நேரமாயிற்று.  நான் இத்தனை வருஷம் என் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நர்சம்மா அந்தக் குவியலை எண்ணி எழுதிக்கொண்டார். இத்தனை பேர் என்று காட்டினால்தான் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு இதற்கென்று ஒரு டாக்டரைக் கேட்க முடியும், மறைத்தால் மேலே இருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு ஊர் நோவில் கிடப்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். அப்புறம் கொட்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கி முறத்தில் போட்டுவிட்டுக் கிளம்பினார். ஊரில் எத்தனை பேர் என்பதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மகன் ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தான். மகள் கல்யாணமும் முடிந்தது. அப்புறம் ஒரு சாவு வீட்டில் யாரோ கொடுத்து மறுபடியும் தொட்டுவிட்டான். ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டேன். எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது? அவர் தட்டவில்லை. கதவுக்கு வெளியே நின்று, தெருவுக்குக் கேட்காமல் எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"அம்மா, சர்க்கர ஏறிப் போச்சின்னா கதவ சாத்திப்பீங்களா? இதுவும் ஏறும், எறங்கும். மறுபடி ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"இது ரெண்டாவது வாட்டி நர்சம்மா" என்றேன் உள்ளேயிருந்து.

"நான் வாட்டிய எண்ண மாட்டம்மா. ஆளத்தான் எண்ணுவேன்."

எல்லாவற்றையும் எண்ணுகிற அந்த அம்மா எண்ணாமல் விட்டது அது ஒன்றைத்தான். பின்னாலிருந்து என் மகன் எழுந்து வந்து தாழைத் திறந்தான். நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வரணும் சிஸ்டர்?" என்று கேட்டான். அதற்குப் பிறகும் இரண்டு தடவையோ மூன்று தடவையோ விழுந்தான். ஒவ்வொரு தடவையும் தானே பஸ் ஏறிப் போனான். கடைசியாகத் தொட்டு ஆறேழு வருஷம் ஆகிறது. கைக்குப் பழைய நயம் வரவில்லை. பட்டில் உட்கார முடியாது. இப்போது அரிசி மில்லில் மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறான்.

இந்த அம்மா ஏன் இப்படி இருக்கிறார் என்று தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவர் வீட்டுக்காரர் குடித்தே செத்திருப்பார், அப்பன் குடிகாரனாக இருந்திருப்பான் என்பார்கள். நான் வெட்கத்தை விட்டு ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரா? அவரு டீ கூட குடிக்க மாட்டாரும்மா. சொந்தக்காரங்க வூட்டுக்குக் கூட்டினு போனா அதுவே ஒரு பேஜாரு." சிரித்து முடித்துவிட்டுப் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டார். "சரியா எண்ணணும்னு சொல்லிக் குடுத்தாங்க. சரியா எண்ணணும்னா ஒவ்வொருத்தரயும் பாக்கணும். பாத்துட்டா அப்புறம் விட்டுட்டுப் போவ முடியல, அவ்ளோதான்."

கொஞ்ச வருஷத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ள வந்தார்.  நன்றி என்று சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. இப்போது எந்த ஊரில் யாரை எண்ணிக்கொண்டிருக்கிறாரோ, இல்லை ரிட்டையர் ஆகிவிட்டாரோ, தெரியவில்லை.

இதில் பிசகு நிறைய இருக்கும். அவர் ஊர் வந்தவாசிப் பக்கம்தானா, செய்யாறு பக்கமா என்று சந்தேகம். குழுவில் வைத்தது பானையா குடமா என்றும் சந்தேகம். என் வீட்டுக்காரர் இருந்தால் கேட்கலாம், அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். முதலில் என் மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன். அந்தச் சனி, ஞாயிறு, திங்கள் அவனுக்கு நினைவே கிடையாது, அதை எதிர் வீட்டம்மாவிடம் கேட்டுச் சரிபார்க்கட்டும். அதற்கு முந்தின புதன்கிழமை நர்சம்மா என்னிடம் சொன்னதும், நான் அதைச் சொல்லாமல் வைத்திருந்ததும் அவனுக்கு இதுவரை தெரியாது. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த இடம் சரியாக எழுதியிருக்கிறேனா என்று அவன்தான் பார்க்க வேண்டும்.